கயிற்றுக்கு அந்தப் பக்கம்

விளையாட்டு அரங்கத்தின் வெளிவாயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் நீண்ட மேசை ஒன்றின்மேல் இரண்டு கணினிகள் வைக்கப்பட்டிருந்தன. போட்டிகள் முடிந்து வெளியேறிய பெற்றோர், தத்தம் பிள்ளைகளின் மார்பில் குத்தப்பட்டிருந்த எண்ணைச் சொல்லியவாறு அம்மேசையைச் சூழ்ந்து நின்றனர். எண்ணைத் தட்டினால் அந்தப் பிள்ளையின் படங்கள் திரையில் தோன்றும். பிடித்த படத்தைக் காட்டினால் பின்னாலிருக்கும் அச்சுப்பொறி அதனை வெளியே தள்ளும். எண் தெரியாத படம் எவருடைய தேடலிலும் அகப்படாது. அகப்படாத படம் விற்பனையாகாது. விற்பனையாகாத படத்துக்கு, எடுத்தவருக்குக் கூலி கிடையாது. ஸ்டூடியோவின் வழக்கம் அதுவே.

காலை முதல் வெயிலில் நின்று படமெடுத்த புகைப்படக்காரி, இப்பொழுது அச்சுப்பொறியின் அருகே அமர்ந்து படங்களின் வெள்ளை ஓரங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். படமெடுப்பவர்களே ஓரம் வெட்டவும் வேண்டும் என்பதும் அந்த ஸ்டூடியோவின் வழக்கம். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் அதனை எடுத்தவருக்குரிய எழுத்து அச்சாகியிருக்கும். வெட்டுவதற்காகத் திருப்பும்போதெல்லாம் அவள் கண்கள் அவ்வெழுத்தின்மேல் சென்று விழுந்தன. தன்னுடைய எழுத்து எப்பொழுதோ ஒருமுறைதான் வந்தது.

மேசைக்கு அப்பால் ஒரு தந்தை, திரையில் அவள் எடுத்த படம் ஒன்றை உற்று நோக்கிக்கொண்டிருந்தார்.

"இதுல எங்க பொண்ணு எங்கம்மா இருக்கா?"

"நடுவுல ஓடுறா பாருங்க சார், நீலச் சட்டை," என்றாள் அவள்.

"எல்லாருமே நீலச் சட்டைதானேம்மா. தீப்பெட்டியக் கவுத்த மாதிரி இருக்கு." அவர் தம் மகளின் தோளைத் தட்டினார். "நீ எதும்மா இதுல? உனக்காவது தெரியுதா?"

அச்சிறுமி குனிந்து பார்த்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள். அவர்கள் வேறொரு படத்தை வாங்கிக்கொண்டு சென்றனர். அதனை எடுத்தவன் முதலாளியின் அக்காள் மகன். ஸ்டூடியோவில் எல்லோரும் அவனைச் சின்னவர் என்று அழைத்தனர்.

சென்ற ஆண்டுவரை நிலைமை இவ்வாறு இருந்ததில்லை. அப்பொழுதெல்லாம் அவள் ஓட்டம் முடியும் கோட்டின் அருகிலேயே மண்டியிட்டு அமர்வாள். கேமராவோடு சேர்ந்து வந்த சிறிய லென்ஸே அதற்குப் போதுமானதாக இருந்தது. எங்கோ ஓர் அரங்கத்தில் யாரோ ஒரு புகைப்படக்காரர், ஓடிவந்த பிள்ளையின் குறுக்கே விழுந்துவிட்டாராம். அதன் பின்னர் எல்லா மைதானங்களிலும் கயிறு கட்டப்பட்டது. கைப்பட்டை அணிந்தவர்கள் மட்டுமே கயிற்றைத் தாண்டி உள்ளே செல்லலாம். ஸ்டூடியோ ஒன்றுக்குக் கைப்பட்டை ஒன்றுதான். அது சின்னவரின் கையில் இருந்தது. முதலாளியின் கண்ணாடி அலமாரியிலிருந்த பெரிய வெள்ளை லென்ஸும் போட்டி நாட்களில் அவன் கழுத்திலேயே தொங்கியது.

கூட்டம் கலைந்த பின்னர் முதலாளி அவளுடைய படங்களைத் திரையில் ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"உன் படத்துல மைதானம் நல்லா வந்திருக்கு. பிள்ளைங்களத்தான் காணோம்."

"அவ்வளவு தூரத்துல நிக்க வெச்சா எப்படிங்க சார்? எனக்கும் ஒரு கைப்பட்டை வாங்கிக் குடுங்க."

"ஒண்ணுதான் தருவாங்க. அத உனக்குக் குடுத்துட்டா எங்க அக்கா என்னை வீட்டு வாசப்படி ஏற விடுவாளா?"

"அந்தப் பெரிய லென்ஸையாவது, சின்னவர் சாப்பிடப் போற நேரத்துக்கு..."

"அது கை மாறிப் போனா எனக்குத் தூக்கம் வராது." அவர் கணினியை அணைத்தார். "அடுத்த மாசம் பெரிய போட்டி. எல்லா ஸ்கூலும் வருது. தூரத்துல இருக்கிறத இழுத்துக் காட்டுற டெலி ஜூம் லென்ஸ் ஒண்ணு நீயா வாங்கிக்க. முடியலன்னா இப்பவே சொல்லிடு, லென்ஸ் வெச்சிருக்கிற ஆளா பாத்துக் கூப்பிட்டுக்கறேன். உன்னைய ஒண்ணும் வெளிய அனுப்ப மாட்டேன். கவுன்ட்டர்ல பாஸ்போர்ட் போட்டோ எடுக்கவும் ஆள் வேணும்ல."

பாஸ்போர்ட் படமெடுக்கும் அறையில் ஒரு முக்காலியும் ஒரு வெள்ளைத் திரையும் இருந்தன. அங்கே அமர்த்தப்பட்ட எவரும் மீண்டும் மைதானத்துக்கு அனுப்பப்பட்டதாக அவள் அறிந்ததில்லை. அங்கு கிடைக்கும் சம்பளத்தில் வீட்டு வாடகை கட்டலாம். வேறெதையும் கட்ட முடியாது.

*

அவளுடைய கணவன் இரும்புப் பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்தான். வீடு திரும்பியதும் ஈரத்துணியைக் கண்களின்மேல் போட்டுக்கொண்டு சுவரோரமாகச் சற்றுநேரம் படுத்திருப்பது அவனுக்கு வழக்கம். அன்றும் அவ்வாறே படுத்திருந்தான். அவள் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை துணியை எடுக்கவில்லை.

"எவ்வளவு ஆகும்?" என்று துணிக்கடியிலிருந்து கேட்டான்.

"புதுசா நல்லது வாங்கணும்னா நாம ரெண்டு பேரும் ஒரு வருஷம் சாப்பிடாம இருக்கணும். பழசுல சுமாரா ஒண்ணு வாங்கினா..." அவள் நிறுத்தினாள். "உங்க மெஷின் பணத்துல பாதி போயிடும்."

சொந்தமாக ஒரு வெல்டிங் இயந்திரம் வாங்கி, வீட்டு முன்புறத்திலேயே கேட்டும் ஜன்னலும் செய்து கொடுக்கும் எண்ணத்துடன் அவர்கள் சேர்த்துவந்த பணம் அது. பட்டறை முதலாளி திட்டும் நாட்களில் எல்லாம் அவன் அந்த இயந்திரத்தைப் பற்றியே பேசுவான்.

"வாங்கிடு."

"கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சுட்டுதான் சொல்றேன். துணி போட்டிருந்தா மூளை நல்லா வேலை செய்யுது."

*

பழைய கேமராக்களை வாங்கி விற்கும் கடை, ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. உயரமானவர்கள் உள்ளே சென்றால் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்க நேரும். அவளுடைய கேமரா அவள் கழுத்தில்தான் தொங்கியது. எனினும் கடைக்காரர் அவள் கணவனை நோக்கியே பேசினார்.

"சார் பறவை எடுப்பீங்களா, கல்யாணம் எடுப்பீங்களா?"

"நான் கேட் செய்யறவன். அவங்ககிட்ட பேசுங்க."

"சரிங்க சார்," என்றார் கடைக்காரர், அவனைப் பார்த்தவாறே. "இது பாருங்க, புதுசு, பெட்டி கூடப் பிரிக்கல. நம்மகிட்ட இருக்கிறதுலயே ரொம்பத் தூரம் இழுக்கும். விலையும் கம்மி."

அவள் அதனை வாங்கித் தன் கேமராவில் பொருத்தினாள். எடை இல்லாத, விளையாட்டுப் பொருள் போன்ற லென்ஸ். வாசல் வழியே எதிர்ப்புறத்தில் நின்ற மிதிவண்டியை நோக்கினாள். லென்ஸ் முணுமுணுத்துக்கொண்டு முன்னும் பின்னும் சென்றது. வெகுநேரங்கழித்தே தெளிவை அடைந்தது. முழு நீளத்துக்கு இழுத்தபொழுது மிதிவண்டி நடுங்கியது. அவள் மூச்சை அடக்கிப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். சக்கரத்தின் கம்பிகள் ஒன்றோடொன்று குழைந்திருந்தன.

"கை நடுங்குது. இதுல ஸ்டெபிலைசர் இல்லையே," என்றாள்.

"ஸ்டாண்டு போட்டுக்கலாம் சார்," என்று கடைக்காரர் அவள் கணவனிடம் கூறினார்.

"ஸ்டாண்டு போட்டா ஃபோகஸ் வேகமா வந்துடுமா?" என்று அவள் கேட்டாள். அதற்குக் கடைக்காரர் எவரையும் நோக்கவில்லை.

இரண்டாவது லென்ஸ், யாரோ பயன்படுத்திக் கொடுத்தது. தூரம் சற்றுக் குறைவு. ஆயினும் கைநடுக்கத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசர் அதில் இருந்தது. ஃபோகஸ் சுருக்கென்று வந்து நின்றது. மிதிவண்டியின் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. குறை யாதெனில், அதன் உள்ளே புகும் வெளிச்சம் போதாது. மாலையில் நடைபெறும் ஓட்டங்களில் ஷட்டரை மெதுவாக வைக்க நேரும். அவ்வாறு வைத்தால், கையின் நடுக்கத்தை ஸ்டெபிலைசர் பார்த்துக்கொள்ளும். ஓடும் பிள்ளையின் கால்களை அது நிறுத்தி வைக்காது. இவ்விரண்டு குறைகளையும் ஒருசேரத் தீர்க்கும் லென்ஸ் எதுவென்பதை அவள் அறிவாள். அது முதலாளியின் கண்ணாடி அலமாரியில் இருந்தது.

ஒன்றை மாட்டுவதும் கழற்றுவதும் மற்றொன்றை மாட்டுவதுமாக அவள் வெகுநேரம் நின்றாள். பகலில் நடக்கும் ஓட்டங்களே அதிகம் என்று தனக்குள் கணக்கிட்டாள். பகல் படங்கள் விற்றாலே போதும்.

"இது," என்று இரண்டாவதைத் தொட்டாள். "நாளைக்குப் பணத்தோட வர்றோம். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

"உங்களுக்கில்லாததா சார்," என்றார் கடைக்காரர்.

மறுநாள் அவளால் போக இயலவில்லை. ஸ்டூடியோவிலிருந்து ஒரு பள்ளிக்கு, வகுப்புவாரியாகப் படமெடுக்க அனுப்பப்பட்டாள். ஆகவே பட்டறையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கணவன் தனியே கடைக்குச் சென்றான். படியடிக் கடையில் இரண்டாவது லென்ஸ் இல்லை. காலையிலேயே வேறொருவர் வாங்கிச் சென்றுவிட்டதாகக் கடைக்காரர் கூறினார். பிறகு, உள்ளிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து வைத்தார். அதனை வைத்தபொழுது மேசை ஒலித்தது.

கணவன் அவளுக்கு இருமுறை அழைத்தான். பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த அவள், பையில் அதிர்ந்த தொலைபேசியை உணரவில்லை.

அவன் லென்ஸைக் கையில் எடுத்தான். முழுவதும் உலோகம். வளையங்கள் எண்ணெய் போட்ட பேரிங்போல் ஆட்டமின்றிச் சுழன்றன. முன்கண்ணாடி ஒரு தேநீர்க் குவளையின் வாயளவு அகன்றிருந்தது. விரல் நகத்தால் உடலைத் தட்டிப் பார்த்தான். இரும்பு வேலை செய்பவனின் கை, எடையுள்ள பொருளை நம்பும். மெல்லிய தகட்டால் ஆன எதையும் நம்பாது.

"இது நிறைய வெளிச்சம் வாங்குமா? சாயங்காலத்துல கூட ஓடுறவங்கள எடுக்கலாமா?"

"சாயங்காலம் என்ன சார், விளக்கு வெச்ச பிறகும் எடுக்கலாம். அந்தக் காலத்துல பெரிய பெரிய ஆளுங்க கையில இருந்தது." கடைக்காரர் தம்முடைய பெரிய கேமராவில் அதனைப் பொருத்தி வாசலை நோக்கிப் பிடித்தார். லென்ஸ் கரகரவென்ற ஒலியுடன் நொடியில் ஃபோகஸை அடைந்தது. "அதே விலைக்கே தர்றேன். நேத்து சொன்ன வார்த்தை தப்பக்கூடாதுல்ல."

*

அன்று மாலை அவள் துணியைப் பிரித்தாள். முதலாளியின் அலமாரியிலுள்ள லென்ஸின் மூத்த அண்ணனைப் போன்றிருந்தது அது. கேமராவில் பொருத்தினாள், சரியாகப் பொருந்திற்று. பொத்தானைப் பாதி அழுத்தினாள். எந்த ஒலியும் இல்லை. மீண்டும் அழுத்தினாள். வளையம் நின்ற இடத்திலேயே நின்றது.

"கடையில நல்லா கரகரன்னு ஓடிச்சே," என்றான் கணவன்.

"அவரு கேமராவுல ஓடியிருக்கும்." அவள் லென்ஸைக் கழற்றி, அதன் பின்புறத்திலிருந்த சிறிய திருகு வாயைக் காட்டினாள். "இதுக்குள்ள மோட்டார் கிடையாதுங்க. கேமராவுல இருக்கிற மோட்டார்தான் இதைத் திருப்பணும். என் கேமரா சின்னது. இதுல அந்த மோட்டார வெக்கல. இனி ஒவ்வொரு படத்துக்கும் நான்தான் கையால திருப்பணும். ஓடுற பிள்ளையக் கையால பிடிக்க முடியுமா?"

அவன் லென்ஸின் பின்புறத்தையும் கேமராவின் வாயையும் மாறிமாறிப் பார்த்தான்.

"போன் பண்ணேன், எடுக்கல நீ."

"எடுக்கலன்னா வந்திருக்கலாம்ல வெறுங்கையோட? நாளைக்குப் போனா என்ன, கடை ஓடியா போயிடும்? எது வேணும்னு அரை நாள் நின்னு பாத்து பாத்து சொன்னேனே."

"அது வித்துப் போச்சுன்னு சொன்னாரும்மா. இது உருப்படியா தெரிஞ்சுது. கனமா இருந்துச்சு."

"கனமா இருக்குன்னு வாங்க இது என்ன சமையல் கரண்டியா, கதவுத் தாழ்ப்பாளா?"

அவன் ஈரத்துணியை எடுத்தான், கண்களில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான்.

மறுநாள் இருவரும் கடைக்குச் சென்றனர். கொடுத்த பொருளைத் திரும்ப வாங்கும் பழக்கம் தமக்கில்லை என்று கடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். "நீங்க பாக்கப் பாக்கத்தானே சார் ஓடிச்சு? பொய்யா சொன்னேன்? வேணும்னா மோட்டார் வெச்ச கேமரா ஒண்ணு வந்திருக்கு, பாக்குறீங்களா?" அவர் சொன்ன விலையில் மீதமிருந்த இயந்திரப் பணமும் கரைந்துவிடும். அவளுக்கு முன்பாகவே கணவன் தலையைச் சாய்த்துக்கொண்டு படியடியிலிருந்து வெளியேறினான்.

*

கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக்குள், மூலையில், பச்சைப் புள்ளி ஒன்று உண்டு. கையால் திருப்பினாலும் ஃபோகஸ் சரியாக அமைந்த கணத்தில் அப்புள்ளி எரியும். இதனை அவள் அறிந்திருந்தாள். இதுவரை அதற்குத் தேவை ஏற்பட்டதில்லை. ஓடிவரும் பிள்ளையைத் தொடர்ந்து வளையத்தைத் திருப்ப இயலாது; ஆனால் ஓரிடத்தில் ஃபோகஸை நிறுத்தி வைத்துக்கொண்டு, பிள்ளை அந்த இடத்துக்கு வரும் கணத்தில் அழுத்தலாம். அழுத்தும் கணத்தைப் பழக வேண்டும். அதற்கு ஓட ஓர் ஆள் வேண்டும்.

பட்டறைக்குச் செல்லுமுன் காலைவேளைகளில் கணவன் ஓடினான். தெருவின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டான். நாட்காட்டியிலிருந்து கிழித்த தேதித் தாளை மார்பில் ஊசியால் குத்திக்கொண்டு, தெருமுனையிலிருந்து கோட்டை நோக்கி வந்தான். எதிர்வீட்டு வாசலில் வண்டி போட்டுத் துணி தேய்ப்பவர், தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"என்னப்பா, நேத்தும் இதே தேதிதானே குத்தியிருந்த? நாள் நகரவே மாட்டேங்குதா உனக்கு?"

"நகர்ந்தா வாடகை கேட்டு வந்துடுவாங்க அண்ணே, அதான் பிடிச்சு வெச்சிருக்கேன்."

"பேசாம ஓடுங்க," என்று அவள் கேமராவுக்குப் பின்னாலிருந்து கூறினாள். "பிள்ளைங்க யாரும் இப்படி வாடகை வசூல் பண்ற மாதிரி நடந்து வர மாட்டாங்க."

அவன் ஓடினான். முட்டி வலித்தது, அதனைச் சொல்லவில்லை. முதல்நாள் படங்களில் தேதி ஒரு கறுப்புக் கறையாக இருந்தது. கோட்டைத் தாண்டிய பின்னர் அழுத்தியிருந்தாள். அதன் பின்னர் தாண்டும் முன்னரே அழுத்தினாள். லென்ஸின் எடையால் இடது மணிக்கட்டு வீங்கிற்று. கணவன் பட்டறையில் கழிவாகக் கிடந்த குழாய் ஒன்றை அவள் கண்ணின் உயரத்துக்கு அறுத்து, அடியில் ரப்பர்த் துண்டைச் செருகி, மேலே கேமராவுக்குரிய திருகைப் பற்றவைத்து, ஒற்றைக்கால் தாங்கியாகக் கொண்டுவந்தான். இரும்பில் அளவு குறிக்கும் வெள்ளைப் பேனாவினால் ஃபோகஸ் வளையத்தின்மேல் மெல்லிய கோடு ஒன்றையும் போட்டுக் கொடுத்தான். வளையம் கை தவறி நகர்ந்துவிட்டால், அந்தக் கோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிடலாம்.

போட்டிக்கு முந்தைய வாரத்தில், தேதித் தாளின் எண் மட்டுமன்று, அதன் கீழே பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த சூரிய உதய நேரமும் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அவள் திரையைக் கணவனிடம் நீட்டினாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தான்.

"மூஞ்சி கொஞ்சம் மங்கலா இருக்கே."

"நீங்க நெஞ்சைத் தள்ளிக்கிட்டு வர்றீங்க, அதான். எல்லாரும் கோட்டுகிட்ட அப்படித்தான் தள்ளுவாங்க. எண்ணு தெரியுதுல்ல, அது போதும். எண்ணுதான் காசு."

*

பெரிய போட்டியன்று, பார்வையாளர்களுக்குக் கதவு திறக்கும் முன்னரே அவள் கயிற்றருகே இடம் பிடித்துவிட்டாள். தாங்கியை மண்ணில் ஊன்றி, முடிவுக் கோட்டின்மேல் ஃபோகஸை நிறுத்தினாள். பச்சைப் புள்ளி எரிந்தது. கணவன் போட்ட வெள்ளைக் கோட்டின் அருகே பசைத்தாளால் வளையத்தை ஒட்டினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், கைப்பட்டையுடன் சின்னவர் ஒரு பானத்தை உறிஞ்சிக்கொண்டு நடந்தான்.

"அக்கா, பீரங்கி எங்க பிடிச்சீங்க?" என்றான் அவன். "சுட்டுடாதீங்க, நான் உள்ளதான் இருப்பேன்."

பிள்ளைகள் அணியணியாக மைதானத்தினுள் வந்தனர். அவர்கள் மார்பில் வெள்ளைத் துணி இருந்தது. அதன்மேல் கறுப்பு எழுத்தும் இருந்தது. அவள் லென்ஸைத் திருப்பி நோக்கினாள். அது எண் அன்று. போட்டிக்குப் பணம் கொடுத்த குளிர்பானக் கம்பெனியின் பெயர். எல்லா மார்பிலும் அதே பெயர். பிள்ளைகள் வணக்கம் செலுத்துவதற்காகத் திரும்பியபொழுதுதான் எண்கள் புலப்பட்டன. இந்த ஆண்டு அவை முதுகில் குத்தப்பட்டிருந்தன.

அவள் சின்னவரைக் கூப்பிட்டாள்.

"ஆமாக்கா, ஸ்பான்சர் கேட்டாங்களாம், போன வாரமே சொல்லிட்டாங்க," என்றான் அவன். "மாமா உங்ககிட்ட சொல்லலையா? நான் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எடுத்துக்கப் போறேன்."

முதல் ஓட்டம் தொடங்கியது. அவள் பழகியபடியே அழுத்தினாள். பிள்ளைகள் கோட்டைத் தாண்டியதும், அவர்களுடைய முதுகைப் பிடிப்பதற்காகத் தாங்கியோடு லென்ஸைச் சுழற்றினாள். பசைத்தாளைக் கிழித்து வளையத்தைத் திருப்பி, பச்சைப் புள்ளி எரிவதற்குள் பிள்ளைகள் தண்ணீர்க் குவளைகளின் அருகே கலந்துவிட்டனர். மீண்டும் கோட்டுக்குத் திரும்பி வளையத்தைச் சரிசெய்வதற்குள் அடுத்த ஓட்டத்தின் துப்பாக்கி வெடித்தது. சில ஓட்டங்கள் அவ்வாறு வீணாயின. அதன் பின்னர் அவள் முதுகுகளை விட்டுவிட்டாள். மாலைவரை, கோட்டில் மட்டுமே கண்ணை வைத்து, ஒன்றையும் தவறவிடாமல் எடுத்தாள். வெயில் தாழ்ந்து மற்றவர்கள் லென்ஸ்களை மூடிய பின்னரும் அந்த உலோக லென்ஸ் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டே இருந்தது. அத்தனை தெளிவான படங்களை அவள் முன்னொருபோதும் எடுத்ததில்லை.

கொட்டகையில் பெற்றோர் எண்ணைச் சொன்னார்கள். சின்னவரின் படங்கள் வந்தன. கத்தரிக்கும் மேசையில் அவளுடைய எழுத்து ஒருமுறையேனும் வரவில்லை.

"சார், நான் உக்காந்து முகத்தைப் பாத்து ஜோடி சேர்க்கிறேன்," என்று முதலாளியிடம் கூறினாள். "சின்னவர் எடுத்த முதுகுல எண்ணு இருக்கு. அதே பிள்ளை என் படத்துல இருக்கும். ரெண்டு நாள் குடுங்க."

"இன்னைக்கு வாங்காதவங்க நாளைக்கு வாங்குவாங்களாம்மா? சூடு ஆறிப்போன வியாபாரம்." அவர் அவளுடைய படங்களை நகர்த்தினார். ஒன்றில் நிறுத்தினார். முடிவுக் கோட்டின்மேல், ஒரு சிறுமி இரண்டு கைகளையும் பின்னால் விரித்து, நெஞ்சை முன்னால் தள்ளி, தரையில் கால் படாமல் இருந்தாள். அவளுடைய நெஞ்சிலிருந்த எழுத்துகளின் தையல் நூல்கூடத் தெரிந்தது. "பரவாயில்லையே. நல்ல கை உனக்கு," என்று கூறி, அப்படத்தைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவளுக்குப் பாஸ்போர்ட் படமெடுக்கும் முக்காலி அறை ஒதுக்கப்பட்டது.

*

ஒரு மாதங்கழித்து, அரங்கத்துக்கு எதிரே பெரிய விளம்பரப் பலகை ஒன்றுக்கு இரும்புச் சட்டம் அமைக்கும் வேலை பட்டறைக்கு வந்தது. பற்றவைப்பதற்காக உச்சியில் ஏறிய கணவன், கீழே விரிக்கப்பட்ட துணிப்படத்தைக் கண்டதும் இறங்கிவந்து அவளைத் தொலைபேசியில் அழைத்தான். உணவு இடைவேளையில் அவள் ஸ்டூடியோவின் அடையாள அட்டையோடு வந்து சேர்ந்தாள்.

படம் இன்னும் சாலையோரத்தில் கிடந்தது. அச்சிறுமியின் முழங்கால் ஓர் ஆளின் உயரம் இருந்தது. முகம் இலேசாக மங்கியிருந்தது. கம்பெனியின் பெயர் மட்டும், ஓர் ஆளின் தலையைவிடப் பெரிய எழுத்துகளில், கூர்மையாக இருந்தது.

"உன்னோடதுதானே?" என்றான் கணவன்.

"ஆமா."

"பணம் குடுத்தாங்களா?"

"நீங்க போன் பண்ணதுமே முதலாளிகிட்ட கேட்டேன். உன் கணக்கு பெத்தவங்க வாங்குற படத்துக்குத்தான், இது கம்பெனி வாங்கினதுன்னாரு."

 கணவன் துணிப்படத்தின் ஓரத்தைத் தூக்கி, அவள்மேல் படாத பக்கமாகத் தட்டினான், மண் உதிர்ந்தது. அவனும் வேறு இருவரும் கயிறு போட்டு அதனை மேலே இழுத்தனர். சட்டத்தின் நான்கு மூலைகளிலும் கட்டினர். காற்றில் துணி புடைத்து அடங்கியது.

"கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாரும்மா," என்று அவன் உச்சியிலிருந்து குரல் கொடுத்தான். "நேரா இருக்கா? உன் கண்ணுக்குத்தான் தெரியும்."

அவள் பின்னால் நடந்தாள். எழுத்துகள் சற்றே இடப்புறம் சாய்ந்திருப்பதாகத் தோன்றிற்று. முழுமையாகப் பார்ப்பதற்காக இன்னும் சிறிது பின்னே சென்றாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, வலக்கையை உயர்த்தி, மேலே தூக்குமாறு கணவனுக்குச் சைகை செய்தாள்.

வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்த காவலாளி அவளருகே வந்தார்.

"இங்க நிக்கக் கூடாதும்மா. கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க."

அவள் மூடிய கண்ணைத் திறந்தாள். உயர்த்திய கையை இறக்காமல், குனிந்து கயிற்றின் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் சென்று நின்றாள்.